நாலு கட்டையில் ஒரு வருடம்

நடன ஆர்கெஸ்ட்ராவில் பாடகியாக இருப்பவள் பாடுவதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அதிகம். பதிமூன்று ஆண்கள் வாசிக்கிற மேடையில், பியானோவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. நீளக் கவுன் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, தாளத்துக்குத் தலையை லேசாக ஆட்டியபடி நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். அந்த நான்கு மணி நேரத்தில் ஆறு பாட்டு. ஒவ்வொன்றிலும் முதலில் ஆர்கெஸ்ட்ரா மெட்டை முழுதாக வாசித்துவிடும். நடுவில் நான் எழுந்து ஒன்றேகால் நிமிடம் பாடுவேன். பிறகு அவர்கள் பாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், நான் உட்கார்ந்துவிடுவேன். ஆடுகிறவர்களில் பலர் நான் பாடியதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் ஆட வந்தவர்கள், அதில் தப்பில்லை.

ஆர்கெஸ்ட்ராவின் பெயர் ஆரின் டாஸ்கர் ஆர்கெஸ்ட்ரா. என் பெயர் வெர்னா கொலாச்செக். போஸ்டரில் வெர்னா கோல் என்று போடுவார்கள். மேடைக்காரர்களுக்கு நான் குருவி. எல்லா ஆர்கெஸ்ட்ராக்களிலும் பாடகியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கென்று வைத்த பெயர் இல்லை.

1940 மார்ச்சில் அவர்கள் எங்கள் ஊரான சீடர் ராப்பிட்ஸுக்கு வாசிக்க வந்தார்கள். நான் அப்போது ஒரு மாவு மில் ஆபீசில் கடிதம் டைப் செய்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் ரேடியோவில் இரண்டு பாட்டுப் பாடுவேன். டாஸ்கரின் பாடகி டோலோரஸ் ஒரு பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு விலகியிருந்தாள். யாரோ என் பெயரைச் சொல்ல, மதியம் காலி ஹாலில் பாடிக் காட்டச் சொன்னார்கள். டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறவரும், எல்லோருக்கும் இசையைத் தாளில் எழுதித் தருகிறவருமான ஆர்னி ஃபெல்ட் என்னிடம் கேட்டார்.

“எந்த சுருதிம்மா உனக்கு?”

எனக்குத் தெரியாது. ரேடியோவில் பியானோக்காரர் என் முகத்தைப் பார்த்து ஏதோ ஒன்றில் ஆரம்பிப்பார், நான் பாடுவேன். தெரியாது என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

“டோலோரஸ் எதுல பாடினாங்களோ அதுலயே பாடறேங்க” என்றேன்.

ஆர்னியின் முகம் மலர்ந்தது. நான் கெட்டிக்காரி என்பதால் என்று அன்று நினைத்துக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. ஒரு பாட்டின் சுருதியை மாற்றினால் பன்னிரண்டு பேருடைய தாள்களையும் கையால் திரும்ப எழுத வேண்டும். டோலோரஸுக்காக எழுதியவை இருபத்தாறு பாட்டு. அந்த வேலை மிச்சம் என்ற சந்தோஷம்தான் அது.

டோலோரஸுக்கு மேல்சுருதிக் குரல். அவள் நாலு கட்டையில் சிரித்துக்கொண்டு பாடியதை நான் ஒரு வருடம் எக்கி எக்கிப் பாடினேன். சுருதி விலகவில்லை. ஆனால் குரல் மெலிந்து, மூக்கு வழியாக வந்தது. டுபூக் நகரப் பத்திரிகை ஒன்று என்னைப் பற்றி எழுதிய ஒரே வரி, நான் பார்க்க லட்சணமாக இருந்தேன் என்பது. கடைசி இரண்டு பாட்டு வருவதற்குள் தொண்டை கமறும். என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து, ஒரு நோட்டுப் போட்டு எழுதிவந்தேன்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன், எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கமறியது. ஐஸ்கிரீமை விட்டேன். காப்பியை விட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தையும் விட்டேன். நோட்டு நிறைந்ததே தவிரக் குரல் சரியாகவில்லை.

இந்த ஜனவரியில் மில்வாக்கியில் கார்வர் ஹோட்டலில் பத்து வாரத்துக்கு ஒப்பந்தம் கிடைத்தது. ஒரே ஊரில் பத்து வாரம் என்பது எங்களுக்கு அபூர்வம். திங்கட்கிழமை விடுமுறை. அன்று ஆண்கள் எல்லோரும் பவுலிங் ஆடப் போவார்கள். நான் பக்கத்துத் தொழிற்கல்விப் பள்ளியின் மாலை வகுப்பில் சேர்ந்தேன்: இசைத் தாள் படிப்பது எப்படி. இசையில் சம்பாதித்துக்கொண்டு ஒரு வரி வாசிக்கத் தெரியாமல் இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. வகுப்பில் பத்தொன்பது பேர். என் பெஞ்சில் ஒரு இறைச்சிக் கடைக்காரர். ஜெர்மன் பாட்டுக் கழகத்தில் முப்பது வருடமாகக் காதால் கேட்டே பாடுகிறவர்.

மூன்றாவது வாரம் ஒவ்வொருவரையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பாடச் சொல்லி, குரல் சிரமமில்லாமல் போகிற எல்லையை வாத்தியார் ஒரு அட்டையில் குறித்துக் கொடுத்தார். என் அட்டையைக் கொடுக்கும்போது எங்கே பாடுகிறேன் என்று கேட்டார். கார்வர் ஹோட்டலில் என்றேன்.

“சனிக்கிழமை ரேடியோல வருமே அதுவா? நான் கேட்டிருக்கேனே. அது வேற பொண்ணுல்ல?”

இறைச்சிக் கடைக்காரர் தன் அட்டையையும் என் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நீ என் கழகத்தில் ஆண்கள் வரிசையில் நிற்கலாம் என்றார்.

அட்டையில் இருந்ததை அன்று நோட்டில் எழுதினேன். என் குரல் நிற்கிற இடம்: ஒரு கட்டை. ஒரு வருடமாகப் பாடுகிற இடம்: நாலு கட்டை. உடனே நம்பிவிடவில்லை. வாத்தியார் தப்பாகக் குறித்திருக்கலாம், அன்று எனக்குச் சளி பிடித்திருக்கலாம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலையில் காலி ஹாலில் பியானோ முன்னால் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். மூன்று நாளும் ஒரே விடைதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற டாஸ்கர் என்னைக் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை. நல்ல நடன ஆர்கெஸ்ட்ராவுக்கு வேண்டியது ஒழுங்கான தாளம், பளிச்சென்ற ட்ரம்பெட், தேய்த்த சட்டை, இவ்வளவுதான் என்று நம்புகிறவர். தன் சாண்ட்விச்சில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு விஷயத்தைச் சொன்னார். ரேடியோவில் என் குரல் தகரம் மாதிரிக் கேட்கிறது என்று ஸ்டேஷன்காரர்கள் சொல்கிறார்களாம். ராக்ஃபோர்டில் லோர்னா என்று ஒரு பெண் நன்றாகப் பாடுகிறாளாம். சனிக்கிழமை மதிய நடனத்தின்போது அவள் வந்து ஒரு மேஜையில் உட்கார்ந்து எங்கள் பாட்டுகளைக் கேட்கப் போகிறாள். அன்றைக்கும் இதே மாதிரி இருந்தால் எனக்கு இரண்டு வார நோட்டீஸ்.

நான் சாண்ட்விச்சைத் தொடவில்லை. சுருதி விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரு வருஷமா இதை ஏம்மா சொல்லல?”

“எனக்கே போன வாரம்தாங்க தெரியும்.”

அவர் தன் பாதி சாண்ட்விச்சைத் தின்று முடித்தார். பிறகு, ஒரு பாட்டு மாற்றிப் பார்க்கலாம், ஆனால் அதற்காகத் தனி ஒத்திகை கிடையாது, ஆர்னி ஒத்துக்கொண்டால்தான் என்றார். சனிக்கிழமை ஒலிபரப்பில் இருக்கிற மெதுவான பாட்டு ‘ஏழாம் நம்பர் டிராம்’. அதுதான் என் பாட்டு.

மில் ஆபீசுக்குத் திரும்பிப் போக முடியாது. என் இடத்தில் என் தங்கையே உட்கார்ந்து டைப் செய்கிறாள். ஒரு ஆர்கெஸ்ட்ராவிலிருந்து குரல் சரியில்லை என்று அனுப்பப்பட்டவளை இன்னொரு ஆர்கெஸ்ட்ரா எடுக்காது. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

ஆர்னி ஒத்துக்கொண்டார், ஆனால் தன்னால் எழுத முடியாது, நேரமில்லை என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். வகுப்பில் கற்றது வெறும் நாலு வாரப் பாடம். இருந்தாலும் ஒவ்வொரு சுரப் புள்ளியையும் எண்ணி மூன்று கட்டை கீழே இறக்குவது எழுத்தர் வேலைதானே என்று நினைத்தேன். புதன்கிழமை காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை முழுப் பாட்டையும், எல்லாருடைய தாளையும் இறக்கி எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆர்னி முதல் பக்கத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“குருவி, இதுல ட்ரம்பெட்காரங்க மூணு பேரையும் சாக்குக்குள்ள கட்டிப்போட்டு வாசிக்கச் சொல்லியிருக்க. ட்ராம்போன்காரன் பாவம், அவன் மேடைக்குக் கீழ குழி தோண்டி இறங்கினாத்தான் இந்த சுரம் கிடைக்கும்.”

“எல்லாத்தையும் ஒரே அளவாத்தாங்க இறக்கினேன். மூணு தடவை சரிபார்த்தேன்.”

“அதான் தப்பு. நீ இறங்கினா போதும், ஊரே எதுக்கு இறங்கணும்?”

பிறகு உட்கார்ந்து விளக்கினார். முதல் பாகமும் கடைசிப் பாகமும் ஆர்கெஸ்ட்ராவுடையது. அது நாலு கட்டையிலேயே பளிச்சென்று இருக்கட்டும். நான் பாடுகிற நடுப்பாகம் மட்டும் ஒரு கட்டையில். போவதற்கு நாலு படி இறக்கம், வருவதற்கு நாலு படி ஏற்றம். அந்தப் படிகளை அவரே பென்சிலால் ஒரு தாளில் எழுதினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நேரமில்லை என்று சொன்னவர், படி இறங்குகிற இடத்தை மட்டும் மூன்று முறை அழித்து எழுதினார்.

வியாழனும் வெள்ளியும் நடுப்பாகத்தைச் சின்னச் சின்னத் தாள் பட்டைகளில் எழுதி, பழைய தாள்மேல் ஒட்டினேன். பசைக்கு ஹோட்டல் அடுக்களையில் மைதா கேட்டு வாங்கிக் காய்ச்சினேன். பன்னிரண்டு பட்டை. ட்ரம்ஸுக்கு வேண்டாம். ஒட்டிய ஒவ்வொன்றுக்கும் நேராகப் பெயர் எழுதி ஒரு கோடு போட்டேன். பன்னிரண்டாவது பெயர் பியானோக்காரர் கிளாட் ரெடிங். அவர் தாளிலும் ஒட்டி, அவருடைய ஃபோல்டருக்குள் வைத்து, கோடு போட்டேன்.

கிளாட் ஃபோல்டரைத் திறப்பதே இல்லை. இது எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். அவர் தாள் ஸ்டாண்டில் இருப்பது கௌபாய் நாவல். மெதுவான பாட்டுகளில் பக்கம்கூடத் திருப்புவார். எனக்கு இது தெரிந்திருந்தும், கோடு போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அவரிடம் வாயால் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஒலிபரப்புக்காக பியானோவைச் சுருதி சேர்க்க ஆள் வந்தான். அதனால் நாங்களாகவே பாட்டை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தது கீழே, சாமான் அறையில், பியானோ இல்லாமல். சாக்ஸபோன்கள் படி இறங்கின, நான் பாடினேன், அவர்கள் படி ஏறினார்கள். ட்ராம்போன் வாசிக்கிற டச்சு என்பவர், “குருவிக்குக் கீச்சிடத்தான் தெரியும்னு நினைச்சேன், புறா மாதிரிக் கூவுதே” என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு. கிளாட் மேலே சுருதி சேர்ப்பவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று நாலு மணிக்கு ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பச்சைத் தொப்பி போட்டு ஒரு பெண், எதிரில் ஐஸ்கிரீம். டாஸ்கர் குனிந்து அவளுக்கு வணக்கம் சொன்னதால் அவள்தான் லோர்னா என்று தெரிந்துகொண்டேன். நாலரைக்கு ரேடியோ அறிவிப்பாளர் கையைக் காட்டினார். மூன்றாவது பாட்டு ‘ஏழாம் நம்பர் டிராம்’.

முதல் பாகம் வழக்கம் போலப் போயிற்று. நான் எழுந்து மைக் அருகே போனேன். சாக்ஸபோன்கள் ஆர்னியின் படிகளில் இறங்க ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது படியில் அவர்கள் ஒரு கட்டையில் கால் வைத்த அதே நொடி, பியானோ நாலு கட்டையில் கால் வைத்தது.

பக்கத்துப் பக்கத்து அறையில் இரண்டு ரேடியோ வேறு வேறு ஸ்டேஷனில் பாடினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒரு வருடமாக நான் ஆரம்ப சுரத்தை எடுப்பது கிளாட்டின் வலது கை சுண்டுவிரலிலிருந்துதான். எனக்காகவே அதைக் கொஞ்சம் அழுத்தி வாசிப்பார். அது அவருடைய நல்ல மனசு. இப்போதும் அழுத்தினார். சாக்ஸபோன்கள்தான் தப்பு செய்கின்றன, குருவி குழம்பிவிடக் கூடாது என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்தினார். ஆர்னி வாயிலிருந்து கருவியை எடுக்க முடியாமல் கண்ணை மட்டும் உருட்டினார்.

அந்த நேரத்தில் நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் யோசிக்க இடமில்லை. இரண்டு தாளம் மட்டுமே இருந்தது. பியானோ சுரத்தைப் பிடித்தால் இனி எப்போதும் நாலு கட்டைதான் என்பது மட்டும் தெரிந்தது. வாரம் முழுவதும் காலையில் நாற்பது தடவை பாடிய சுரம் தொண்டையிலேயே இருந்தது. பியானோ கொடுத்ததை விட்டுவிட்டு அதை எடுத்தேன்.

கிளாட் சூடு பட்ட மாதிரி கைகளைத் தூக்கிவிட்டார். நான் பாடியதில் முதல் கால்பாகம் பியானோ இல்லாமலே போயிற்று. பாஸ், கிட்டார், தாழ்வாக சாக்ஸபோன்கள், அவற்றின் மேலே நான். பிறகு கிளாட் எந்தச் சுருதி என்று கண்டுபிடித்து ஓசையில்லாமல் வந்து சேர்ந்தார். நான் எப்படிப் பாடினேன் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவே இல்லை. தொண்டை கமறவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். பச்சைத் தொப்பிப் பெண் ஐஸ்கிரீம் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆடுகிறவர்களும் நிறுத்தவில்லை.

ஒலிபரப்பு முடிந்ததும் இடைவேளை. மேடைக்குப் பின்னால் டாஸ்கர் வந்தார். ரேடியோவில் தப்பு நடந்தால் ஆளை அனுப்பிவிடுவார். போன கோடையில் ஒரு ட்ரம்பெட்காரருக்கு அப்படி நடந்தது. யார் என்று கேட்டார்.

“நான்தான். ஃபோல்டரைத் திறக்கல” என்றார் கிளாட்.

“நான் வாயால சொல்லியிருக்கணும்” என்றேன். “உள்ள வெச்சுட்டு விட்டுட்டேன்.”

“ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டது போதும்” என்றார் டாஸ்கர். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு கிளாட்டிடம், அந்தக் கால்பாகத்தில் இனிமேலும் பியானோ வேண்டாம், அப்படியே விட்டுவிடு என்றார். கிளாட் அது தண்டனையா பாராட்டா என்று புரியாமல் என்னைப் பார்த்தார்.

டாஸ்கர் போய் பச்சைத் தொப்பிப் பெண்ணோடு பத்து நிமிடம் பேசினார். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு அவரோடு கைகுலுக்கிவிட்டுப் போனாள். திரும்பி வந்தவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவளை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். மீதி இருபத்தைந்து பாட்டையும் யார் மாற்றுவது என்று கேட்டார். நான்தான் என்றேன். எப்போதைக்குள் என்றார். மார்ச்சில் டேவன்போர்ட் போவதற்குள் என்றேன். வாரத்துக்கு ஐந்து பாட்டு என்று அப்போதே மனதில் வகுத்துப் பார்த்துவிட்டேன்.

“இருபத்தஞ்சு வேண்டாம், இருபத்திரண்டு போதும்” என்றார். “ரெக்கார்டுல வந்த மூணும் அப்படியே இருக்கட்டும். ஜனங்க அதைக் கேட்டுட்டுத்தான் வராங்க.”

அவர் சொன்னது நியாயம். அந்த மூன்றையும் நான் போன அக்டோபரில் நாலு கட்டையில் பாடியிருந்தேன். லேபிளில் என் பெயர் இல்லை, ஆனால் குரல் என்னுடையது. அவை தினமும் மேடையில் வருகிறவை. மூன்றுதானே, இவ்வளவு கிடைத்த பிறகு இதற்கும் வாயைத் திறப்பானேன் என்று பாதி மனது சொன்னது. அந்த மூன்றிலும்தான் தொண்டை முதலில் கமறும். நோட்டில் ஒரு வருடக் கணக்கு இருக்கிறது. மூன்றை விட்டுவைத்தால் மீதியையும் அவை கெடுத்துவிடும்.

“அந்த மூணையும் மாத்தணும்ங்க. இல்லன்னா அதை மட்டும் நான் பாடல” என்றேன்.

டாஸ்கர் கிளாட் பக்கம் திரும்பினார். மூன்றையும் மாற்றினால் நீ என்ன செய்வாய் என்று கேட்கிற பார்வை.

“மனப்பாடம் பண்ணினதை மறக்கறது கஷ்டம்” என்றார் கிளாட். “பரவால்ல, நாவலை மூடி வெச்சுட்டு மறந்துடறேன்.”

டாஸ்கர் சிரிக்கவில்லை. “யாராவது வந்து ரெக்கார்டு மாதிரி இல்லையேன்னு கேட்டா, நான் உன்னைத்தான் காட்டுவேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு மேடைக்குப் போனார்.

அடுத்த ஐந்து வாரமும் பசையும் கத்திரியுமாகப் போயிற்று. இரண்டு திங்கட்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. ஒவ்வொரு பட்டையையும் கையில் கொடுத்து, வாயால் சொல்லி, பிறகுதான் கோடு போட்டேன். நான்கு பாட்டுகளில் தப்பு வந்தது. ஒன்றில் கிட்டார்காரரை வேறு பாட்டுக்கே அனுப்பிவிட்டேன். ஆர்னி திட்டிக்கொண்டே திருத்தினார்.

டேவன்போர்டில் நதிக்கரை ஹாலில் முதல் இரவு. ரெக்கார்டுப் பாட்டுகளில் முதலாவதைப் பாடி முடித்து உட்காரும்போது, மேடை ஓரத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். அவர் உழவுக் கருவி விற்கிறவராம். டாஸ்கரிடம் ஏதோ கேட்டார். டாஸ்கர் சொன்னபடியே என் பக்கம் கையைக் காட்டினார்.

“வீட்டுல இந்த ரெக்கார்டு இருக்கும்மா” என்றார் அவர். “அதுல குரல் வேற மாதிரி இருக்கே. உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?”

“ரெக்கார்டு பண்ணினப்பதாங்க சரியில்ல. இப்ப தேவலாம்.”

அவர் தலையை ஆட்டினார், நம்பினாரா தெரியவில்லை. மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, அப்படியானால் இதையே இன்னொரு தடவை பாடுங்கள், சரியாகக் கேட்கவே இல்லை, இவர் என் காலை மிதித்துக்கொண்டே இருந்தார் என்றாள்.

ஒரே இரவில் ஒரு பாட்டை இரண்டு தடவை வாசிப்பது டாஸ்கருக்குப் பிடிக்காது. நான் எழுந்துபோய் அவரிடம் சொன்னேன். அவர் அந்தப் பெண்மணியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தாள்களைப் பின்னுக்குத் திருப்பினார். பிறகு விரலைச் சொடுக்கித் தாளம் கொடுத்தார். முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக.